கீல்காரர் வீட்டு அலமாரி

என் வீட்டுக்காரரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்க வேண்டுமென்றால் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். எனக்கு அவர்மேல் இருக்கும் ஆத்திரம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

அவர் அலமாரிகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர். மரத்தைத் தொடமாட்டார், அதற்குத் தச்சர் இருக்கிறார். மரத்தில் திருகி வைத்திருக்கும் இரும்பும் பித்தளையும்தான் இவருடைய ராஜ்யம். கீல், கைப்பிடி, பூட்டு, தாழ்ப்பாள், டிராயர் ஓடுகிற தடம். எந்த வீட்டிலாவது கதவு கிரீச்சென்று கத்தினால், டிராயர் பாதியில் நின்று முரண்டு பிடித்தால், இவருக்குத்தான் ஆள் வரும். கீல்காரர் என்றால்தான் ஊருக்கே தெரியும். பெற்றவர் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரே உதட்டைப் பிதுக்குவார்.

வேலை சுத்தம், அதில் நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு அலமாரியைப் பிரித்தால் எந்தக் கீல் எந்தக் கதவில் மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று ஒரு அட்டையில் படம் போட்டு, அந்தந்த இடத்திலேயே ஸ்க்ரூவைக் குத்தி வைப்பார். "ஒவ்வொரு கீலும் அதோட கதவுக்குத் தகுந்த மாதிரி தேஞ்சிருக்கும். மாத்திப் போட்டா ரெண்டு கதவும் சண்டை போடும்" என்பார். கைப்பிடியைத் துடைக்கும் முன் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ஒட்ட வைத்துப் பார்ப்பார். ஒட்டவில்லையென்றால் முழுப் பித்தளையாக இருக்கலாம், கொஞ்சம் தைரியமாகத் தேய்க்கலாம். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே வெறும் முலாம். அதை எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முலாம் கையோடு வந்துவிடும். அப்படித் தேய்த்து வைத்த ஒரு அம்மாவிடம் இவர் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். "பளபளன்னு ஆகணும்னுதான்ப்பா தேச்சேன்" என்று அந்த அம்மா சொல்ல, "மூஞ்சியில இருக்கற தோலை உரிச்சா மூஞ்சி பளபளக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு ஆளே வரவில்லை. வருமா பின்னே!

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட இவரால் சும்மா இருக்க முடியாது. என் பெரியம்மா வீட்டில் பெரியப்பா போய், எல்லோரும் அழுதுகொண்டிருக்கிறோம். இவரைக் காணோம். போய்ப் பார்த்தால் உள்ளறையில் மண்டியிட்டு, துணி அலமாரியின் ஆடுகிற கைப்பிடியை முடுக்கிக்கொண்டிருக்கிறார். "ஏங்க, உங்களுக்கே இது நல்லாருக்கா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "ரெண்டே ரெண்டு சுத்துதான்டி" என்றார். எனக்கு அப்படியே சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இப்படிப்பட்ட மனுஷன் வீட்டு அலமாரி எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

என் மாமனார் அறையில் ஒரு பெரிய மர அலமாரி இருக்கிறது, இரட்டைக் கதவு. அதன் வலது கதவைத் திறந்தால் வீடே திடுக்கிடும். சாதாரணக் கிரீச் இல்லை, யாரோ பூனையின் வாலை மிதித்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி. கல்யாணமாகி வந்த புதிதில் பணிவாகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பாத்துடறேன்" என்றார். அப்புறம் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். அதற்கும் ஞாயிற்றுக்கிழமைதான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போனது, அன்றைக்கும் யாராவது ஒரு வீட்டு டிராயர் இவரைக் கூப்பிட்டுவிடும். சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் குத்தலாகப் பேச ஆரம்பித்தேன். "வேண்டாங்க, தொடாதீங்க. நம்ம வீட்டு அலமாரியைத் தொட்டா உங்க கௌரவம் என்னாவறது?" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அதற்கப்புறம்தான் மாமாவுக்கு மறதி வந்தது. மாமா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறந்தார். பிறகு ஓய்வு பெற்றதையே மறந்துவிட்டார். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, "வண்டி எடுக்க நேரமாச்சு" என்பார். அலமாரியின் அந்த வலது கதவைத் திறந்து டிரைவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருமுறை அப்படிக் கிளம்பி, தெருமுனை சாக்கடையில் விழுந்து இடுப்பில் நல்ல அடி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை விழுந்தா எழுந்திரிக்கவே மாட்டாரு. பாத்துக்கங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். தெருமுனையைத் தாண்டினால் லாரி பறக்கிற பெரிய ரோடு வேறு.

வாசல் கதவைப் பூட்டிப் பார்த்தோம். மாமா கதவை இரண்டு கையாலும் தட்டி, "யாராவது திறங்கய்யா, பஸ்ஸுல ஜனம் உக்காந்திருக்கு" என்று குழந்தைமாதிரி அழுதார். அதை யாரால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? தவிர, நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். துணி கொடுக்க, வாங்க ஆள் வந்து போய்க்கொண்டே இருக்கும். மெஷின் பின்கட்டு அறையில் இருக்கிறது, அங்கேதான் வெளிச்சம். அங்கே உட்கார்ந்தால் வாசல் தெரியாது.

வாசல் தெரியாதே தவிர, அலமாரி கேட்கும். மெஷின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்தக் கத்தல் அதையும் மீறிக்கொண்டு வரும். சட்டையில்லாமல் மாமா வாசற்படி தாண்டமாட்டார், அத்தனை வருஷத்துப் பழக்கம். அதனால் கதவு கத்தியதும் நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஓடுவேன். அவர் பொத்தான் போடுவதற்குள் நான் முன்னால் நிற்பேன். ஏதாவது பேச்சுக் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். எந்தக் கத்தலை ஒழித்துக்கட்டச் சொல்லி வருஷக்கணக்காக அழுதேனோ, அது இப்போது எனக்குக் கண்ணாகவும் காதாகவும் ஆகிவிட்டது.

இதை நான் அவரிடம் சொல்லவில்லையா? சொன்னேனே! சாப்பாடு போடும்போது, "அப்பா அலமாரியை மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொன்னேன். கையிலிருந்த கரண்டியை நீட்டிச் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவுமில்லை, நான் விளக்கவுமில்லை. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? வழக்கம்போல் நான் குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். சிரித்தார். "சரிம்மா தாயே, தொடலை" என்றார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

போதாக்குறைக்கு அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். அப்பாவைப் பார்க்க வந்தவர் அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதானே! போர்வை எடுக்கிறேன் என்று அலமாரியைத் திறந்தார். அது கத்தியது. அண்ணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "ஏண்டா தம்பி, ஊர்ல இருக்கற கதவெல்லாம் உன் பேரைச் சொன்னா வாயை மூடுதாம். பெத்த அப்பன் வீட்டு அலமாரி இப்படிக் கதறுதே. வெளிய சொன்னா சிரிப்பாங்கடா" என்றார். இவருக்கு முகம் செத்துப்போய்விட்டது. "விடுங்க அண்ணி, அது அப்படியே இருக்கட்டும்" என்று நான் சொன்னதையும் இவர் எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாரோ, தெரியாது. அதையும் குத்தலில்தான் சேர்த்திருப்பார்.

மறுநாள் காலையில் நான் நூலும் பொத்தானும் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது இவர் வாசலில் பையோடு நிற்கிறார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. "என்ன, இன்னிக்கு இவ்வளவு குஷி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. சாயங்காலம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவசரமாக முடிக்கவேண்டிய பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஒரு மூட்டை கிடந்தது. மாமா கட்டிலில் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் செய்துவிட்டுப் போன காரியம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வலது கதவை இறக்கி, கீல்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் துருவை எடுத்திருக்கிறார். ஈரம் போகத் துடைத்து, கீலின் நடுவே கோத்திருக்கும் வளைந்த ஊசியை நிமிர்த்தியிருக்கிறார். தளர்ந்துபோன ஸ்க்ரூ ஓட்டையில் தீக்குச்சியைப் பசை தொட்டுச் செருகி, மறுபடி முடுக்கியிருக்கிறார். கடைசியாக, எண்ணெய். அதுவும் யாருடைய எண்ணெய்? என் தையல் மெஷினுக்கு வைத்திருந்த எண்ணெய்! கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதை, வேண்டாம் என்று சொன்னபிறகு, என் எண்ணெயையே எடுத்துச் செய்திருக்கிறார் மனுஷன்.

மத்தியானம் துணி வாங்க வந்த பக்கத்துத் தெரு டீச்சர், சட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே, "உங்க மாமனாருக்கு இப்ப தேவலையா? பரவாயில்ல, தனியாவே ரோடு வரைக்கும் போறாரே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எங்க மாமாவா? உள்ள தூங்கறாருங்க" என்றேன்.

"இல்லீங்க, நான் வரும்போது எதிர்ல போனாரே. டிரைவர் சட்டை போட்டுக்கிட்டு."

மாமா அறைக்கு ஓடினேன். கட்டில் காலி, அலமாரியின் வலது கதவு அகலமாகத் திறந்து கிடக்கிறது. ஆட்டிப் பார்த்தேன். மூச்சுக்கூட விடவில்லை, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போய் வந்தது. கீலைத் தொட்ட விரலில் என் மெஷின் எண்ணெய் வாசனை. "பாவி மனுஷா!" என்று வாய்விட்டுக் கத்தினேன். டீச்சர் பயந்துபோய்விட்டார், பாவம்.

போன் போட்டேன். ஏதோ ஒரு வீட்டில் அலமாரிக்கு அடியில் படுத்திருந்தார்போல, வாயில் ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டே பேசினார். "பாத்துட்டியா? எப்படி இருக்கு?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த பெருமை இருக்கிறதே!

"உங்கப்பாவைக் காணோங்க" என்றேன்.

அந்தப் பக்கம் தரையில் ஸ்க்ரூ விழுகிற சத்தம் கேட்டது.

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தெருமுனைச் சாக்கடையை எட்டிப் பார்த்தேன். எந்த வாயால் இவரைத் திட்டினேனோ அதே வாயால், மாமா இங்கே இருக்கக்கூடாது, இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன். இல்லை. பெரிய ரோட்டின் ஓரத்தில் மாமாவின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள்.

நல்லவேளையாக இவர் எதிர்ப்பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்தார். இரண்டு பேருமாக விசாரித்துக்கொண்டே போய், பஸ் ஸ்டாண்டில் மாமாவைக் கண்டுபிடித்தோம். ஓரமாக நின்றிருந்த ஒரு காலி பஸ்ஸின் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானை ஒன்று விட்டு ஒன்றில் மாட்டியிருந்தார். முழங்காலில் தோல் பெயர்ந்து ரத்தம் காய்ந்திருந்தது. விழுந்திருக்கிறார். எங்கே விழுந்தார், யார் தூக்கிவிட்டார்கள், அந்த ரோட்டை எப்படித் தாண்டினார், இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. கண்டக்டர் ஒருவர் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். "பெரியவரே, உங்க ஆளுங்க வந்துட்டாங்க" என்றார். மாமா தன் மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சாவியைக் கொண்டு வந்தியா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து, மாமாவின் காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, படுக்க வைத்துவிட்டு, பின்கட்டுக்கு வந்து இவரைப் பிடித்துக்கொண்டேன். நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. "தொடாதீங்கன்னு கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேனே. உங்க காதுல என்ன, துருவா?" என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

"நீ எப்பவும் அப்படித்தானே பேசுவே. இதுவும் அதுன்னு நினைச்சேன்" என்றார்.

"அப்ப நான் எப்படிப் பேசினா உங்களுக்கு விளங்கும்?"

"உனக்கு சந்தோஷமா இருக்கும்னுதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார். அடிக்கக் கை ஓங்கியவள்போல் இருந்த எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று தொடங்கியது கூத்து. கதவை மறுபடி கத்த வைக்கிறேன் என்று உட்கார்ந்தார். ஊரிலுள்ள கதவையெல்லாம் வாயை மூட வைத்தவருக்கு இந்த ஒரு கதவின் வாயைத் திறக்கத் தெரியவில்லை. எண்ணெயைத் துடைத்தார். சோப்புத்தூள் போட்டுக் கழுவினார். உப்புத் தண்ணீர் தெளித்துத் துரு பிடிக்கிறதா என்று காத்திருந்தார். நிமிர்த்திய ஊசியை மறுபடி வளைத்தார். கதவு இறுகியதே தவிர, கத்தவில்லை. மணலைத் தூவினார். அது கரகரவென்று ஏதோ முனகியது, அந்த முனகல் பின்கட்டுக்கு எங்கே கேட்கும்? "கத்தித் தொலையேன்!" என்று அவர் கதவைப் பார்த்துக் கெஞ்சியதை நானே கேட்டேன். அவர் எப்படிக் கத்தினாலும் அது அழுத்தக்காரி மாதிரி வாயைத் திறக்கவில்லை.

கைப்பிடியில் ஒரு மணியைக் கட்டிப் பார்த்தோம். மாமா அதை அழகாக அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்து, "யாரோ இதை மறந்து விட்டுட்டுப் போயிருக்காங்கம்மா, கேட்டா குடுத்துடு" என்று என்னிடமே கொடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் மெஷினை இருட்டு முன்னறைக்கு இழுத்துப் போட்டு, கண்ணைச் சுருக்கிச் சுருக்கித் தைத்தேன். ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஊரில் எத்தனையோ பேர் ஆள் அனுப்பியும் இவர் வேலைக்குப் போகவில்லை.

அப்படி ஒரு காலைப்பொழுதில் இவர் அந்தக் கதவை மறுபடியும் கழற்றித் தரையில் போட்டு, கீலை உள்ளங்கையில் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்று, இன்னும் என்ன அழிச்சாட்டியம் பண்ணப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வேலைக்கு வந்த யாரோ ஆளைப் பார்ப்பதுபோல் இவரைப் பார்த்தார்.

"என்னப்பா பண்றே, இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

"இந்தக் கதவு சத்தம் போடணுங்க."

"சத்தம் போடக்கூடாதுன்னுதானே எல்லாரும் ரிப்பேர் பாப்பாங்க? இது எதுக்குச் சத்தம் போடணும்?"

இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையையே சொன்னார். "எங்க வீட்ல ஒரு பெரியவர் இருக்காரு. அவர் வெளிய கிளம்பினா எங்களுக்குத் தெரியணும்."

"அதுக்கு ஏம்ப்பா அலமாரியைப் போட்டு உலுக்கறே?" என்றார் மாமா. "அவர்கூட ஒரு ஆள் இருந்தா போதாதா?"

இத்தனை நாளாக இவர் கதவைக் கட்டிக்கொண்டு அழுதார், நான் காதைத் தீட்டிக்கொண்டு அழுதேன். இரண்டு பேருக்கும் இது தோன்றவேயில்லை.

மாமா அதற்குள் பேசியதையெல்லாம் மறந்துவிட்டார். எழுந்து, திறந்து கிடந்த அலமாரியிலிருந்து சட்டையை எடுத்தார். "நேரமாச்சு. வண்டி எடுக்கணும்" என்றார். என் கால் தானாக முன்னே வந்தது, தடுக்க. இவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். கீலைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். மாமாவுக்குப் பொத்தானை வரிசையாகப் போட்டுவிட்டார். "வாங்க, நானும் பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போறேன்" என்றார்.

இரண்டு பேரும் படியிறங்கினார்கள். மாமா இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தவர், சட்டென்று நின்றார். இவர் முகத்தைக் கவலையோடு பார்த்தார்.

"ஏம்ப்பா, நீ பாட்டுக்கு என்கூடக் கிளம்பிட்டியே, வீட்ல சொல்லிட்டு வந்தியா? உங்கப்பா தேடமாட்டாரா?"

இவர் மாமாவின் கையைத் தன் கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தேடமாட்டாருங்க" என்றார். "கூடத்தான் வராரு."